வெயில் மாதத்தில் கல்மழை

மார்கழிக் குளிரில் ஆலங்கட்டி விழுந்து நாம் பார்ப்பதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும்தான் விழுகிறது. காலையிலிருந்து மண்டையைப் பிளக்கும் வெயில், நாலு மணிக்கு மேல் திரளும் மேகம், இரண்டு இடி, பிறகு தகரக் கூரையில் சடசடவென்று ஐஸ். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரியவர்கள் வாசலில் நின்றபடி கேட்பார்கள்: இத்தனை வெயிலில் ஐஸ் எங்கிருந்து வந்தது?

பாதி விடை எளிது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். அக்கினி நட்சத்திர நாட்களிலும் தமிழ்நாட்டுக்கு மேலே ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்த உயரத்தை உறைமட்டம் என்று அழைப்போம். இடிமேகம் அதையும் தாண்டி 12, 15 கி.மீ. வரை வளரக்கூடியது. ஆகவே இடிமேகத்தின் மேற்பகுதியில் எப்போதும் ஐஸ் உண்டு.

இப்போது கேள்வி தலைகீழாகிறது. எல்லா இடிமேகத்திலும் ஐஸ் இருக்கிறதென்றால், எல்லா இடிமழையிலும் அது ஏன் நம் தலையில் விழுவதில்லை? எப்போதோ ஒருமுறை மட்டும் ஏன் எலுமிச்சை அளவில், தேங்காய் அளவில்கூட விழுகிறது? இதற்கு விடை தேட அமெரிக்காவின் நடுப்பகுதியைவிடத் தோதான இடம் குறைவு.

## இடி ஓரிடம், கல் வேறிடம்

அமெரிக்காவில் ஆண்டுக்கு அதிக நாட்கள் இடி இடிக்கும் மாநிலம் புளோரிடா. இரண்டு பக்கமும் வெந்நீர்க் கடல், நடுவில் வெயிலில் காயும் நிலம். ஈரமும் வெப்பமும் அங்கே வேண்டிய மட்டும் உண்டு. கோடையில் பல நாட்கள் பிற்பகல் தவறாமல் மழை கொட்டும். ஆனால் ஆலங்கட்டி அதிகம் விழுவது அங்கே இல்லை. கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் புல்வெளிப் பகுதியில்தான். அதற்குக் கல்மழைச் சந்து என்றே அங்கே பட்டப்பெயர். ஆண்டுக்குச் சராசரியாக 7 முதல் 9 நாட்கள் அங்கே ஆலங்கட்டி விழுகிறது. ஈரமோ அங்கே புளோரிடாவைவிட மிகவும் குறைவு. மரம்கூட ஆற்றங்கரையில் மட்டுமே வளரும் வறண்ட பூமி.

ஆக, ஈரமும் வெப்பமும் மட்டும் கல்லைத் தருவதில்லை. வேறு எதுவோ தேவைப்படுகிறது.

## தட்டையாகத் தெரியும் மேடு

ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் தொடங்குகிறது ஹை பிளெயின்ஸ் என்று அமெரிக்கர்கள் சொல்லும் உயர்சமவெளி. காரில் போகிறவர் கண்ணுக்கு மேசைபோல் தட்டை. உண்மையில் அது நீண்ட சரிவு. டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வயோமிங்கின் தலைநகர் ஷையேன் 1,850 மீட்டருக்குப் பக்கத்தில். அங்கிருந்து கிழக்கே கான்சாஸ், நெப்ராஸ்கா வழியாகப் போகப் போக நிலம் மெல்லமெல்ல இறங்குகிறது.

கோடையில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக் காற்று வடக்கே வருகிறது. அது தென்கிழக்குக் காற்றாகத் திரும்பும் நாட்களில் இந்தச் சரிவில் தவழ்ந்து ஏறுகிறது. அதே நேரம் தென்மேற்கிலுள்ள உயரமான பாலைநிலங்களில் காய்ந்த சூடான காற்று மேலே ஒரு அடுக்காக வந்து படர்கிறது. இது ஈரக் காற்றின் மீது மூடியாக உட்கார்ந்துவிடும். கீழுள்ள காற்று எழ முயலும்; தன்னைவிடச் சூடான அடுக்கில் முட்டி நிற்கும். காலை முழுவதும் சின்னஞ்சிறு மேகங்கள் தோன்றிக் கலையும்.

இந்த மூடி மழையைத் தடுக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உயர்சமவெளியின் கோடை மழைக்கு இத்தனை வேகம் வருவதில் இந்த மூடிக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாவிட்டால் பத்து மணிக்கே ஆங்காங்கே சிறு மழை பெய்து அன்றைய வெப்பம் செலவாகிப் போயிருக்கும். மூடி இருப்பதால் வெப்பமும் ஈரமும் பிற்பகல் வரை சேர்கின்றன. பிறகு ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் மூடி உடைகிறது. சேர்த்து வைத்தது அனைத்தும் அந்த வழியே மேலே பாய்கிறது.

முதலில் உடைவது பெரும்பாலும் மலைப்பக்கம். மலைச்சரிவில் வெயில் முன்னதாகவே பட்டு, நண்பகலுக்குள் சிகரங்களின் மேல் மேகம் குவியும். இரண்டு மூன்று மணிக்கு அவை சமவெளிக்கு இறங்கி, ஈரக் காற்றைச் சந்தித்துப் பெருக்கும். மாலையில் கான்சாஸ், நெப்ராஸ்கா எல்லையில் நிற்கும். இரவில் பல மேகங்கள் ஒன்றுசேர்ந்து இன்னும் கிழக்கே போகும். அந்தச் சமவெளியின் நடுப்பகுதியில் கோடை மழையில் பெரும்பகுதி இரவில் பெய்வது இதனால்தான்.

## உருகாமல் தப்புவது

நிலத்தின் உயரம் இன்னொரு வேலையும் செய்கிறது. கோடையில் ஷையேனுக்கு மேலும் சரி, புளோரிடாவுக்கு மேலும் சரி, உறைமட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4.5 கி.மீ. உயரத்தில்தான் இருக்கும். ஆனால் ஷையேன் ஏற்கெனவே 1.85 கி.மீ. மேலே உட்கார்ந்திருக்கிறது. உறைமட்டத்தைக் கடந்து விழும் கல் அங்கே 2.65 கி.மீ. தூரம் சூடான காற்றில் பயணம் செய்தால் போதும். புளோரிடாவில் 4.5 கி.மீ. முழுவதையும் கடக்க வேண்டும். 1 செ.மீ. கல் விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் விழும். அப்படியானால் ஷையேனில் அது உருகக் கிடைக்கும் நேரம் 4 நிமிடம். புளோரிடாவில் 7 நிமிடம். சிறு கல்லுக்கு அந்த 3 நிமிடம்தான் கல்லாக வருவதற்கும் குளிர்ந்த மழைத்துளியாக வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

வறண்ட காற்றும் உதவுகிறது. விழும் கல்லின் மேல்பரப்பு உருகி ஈரமாகும். அந்த ஈரம் ஆவியாகும்போது, மண்பானை கசிந்து தண்ணீரைக் குளிர்விப்பதுபோல, கல்லைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். புளோரிடாவின் புழுக்கத்தில் இந்த ஆவியாதல் மிகவும் மந்தம்.

நம் ஊருக்கும் இதே கணக்கு பொருந்தும். சென்னையில் விழும் கல் 5 கி.மீ. சூட்டைத் தாண்ட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் ஏறக்குறைய பாதி தூரம்தான்.

இது சிறு கல்லுக்கான விளக்கம். பெரிய கல்லுக்கு இது போதாது. பெரிய கல் வேகமாக விழும், அதிகம் உருகாது. எங்கே உண்டானாலும் தரைக்கு வந்தே தீரும். அது உண்டாவதுதான் கடினம்.

## தன் மழையிலேயே மூழ்கும் மேகம்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போரில் மிஞ்சிய விமானங்களை அமெரிக்கர்கள் இடிமேகங்களுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒஹாயோவிலும் நடந்த இந்த ஆய்வை ஹொரேஸ் பையர்ஸ் தலைமையேற்று நடத்தினார். ராஸ்கோ பிரஹாம் உடனிருந்தார். ஒரு சாதாரண இடிமேகத்தின் வாழ்க்கை அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. முதலில் சூடான காற்று மேலே பாய்கிறது. இதை ஏறுகாற்று என்போம். மேலே துளிகள் கனத்து விழத் தொடங்குகின்றன. விழும் மழை தன்னோடு குளிர்ந்த காற்றையும் இழுத்து வருகிறது. அது நேராக ஏறுகாற்றின் மீதே விழுந்து அதை அணைத்துவிடுகிறது. அரைமணி, ஒருமணி நேரத்தில் கதை முடிந்தது. புளோரிடா மேகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தங்கள் மழையிலேயே மூழ்கிச் சாகின்றன. பெரிய கல் வளர அங்கே அவகாசமே இல்லை.

உயர்சமவெளியில் காற்று உயரத்துக்கு உயரம் மாறுகிறது. தரையில் தென்கிழக்கிலிருந்து மெல்ல வீசும், ஐந்தாறு கி.மீ. மேலே மேற்கிலிருந்து பாய்ந்து வரும். இதனால் மழை ஏறுகாற்றின் மீது விழாமல் தள்ளிப்போய் விழுகிறது. மேகத்தின் வாய் திறந்தபடியே இருக்கிறது. அதோடு, இப்படித் திசை மாறும் காற்றுக்குள் எழும் ஏறுகாற்று தானும் சுழலத் தொடங்குகிறது. 1959 ஜூலையில் இங்கிலாந்தின் வோக்கிங்ஹாம் ஊரைத் தாக்கிய கல்மழையை ஆராய்ந்தவர்களில் ஒருவரான கீத் பிரௌனிங், 1960களில் இந்த வகைக்கு சூப்பர்செல் என்று பெயர் வைத்தார். சுழலும் ஒற்றைப் பெருமேகம். சில மணி நேரம் உயிரோடிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. நகரக்கூடியது. கொடிய சூறாவளிச் சுழல்களான டொர்னேடோக்களில் பெரும்பாலானவை இதன் அடியிலிருந்துதான் இறங்குகின்றன. மிகப் பெரிய கற்களும் அனேகமாக இதிலிருந்துதான் வருகின்றன.

## ஒரு கல்லின் பத்து நிமிடம்

கொலராடோவின் கிழக்கே இப்படி ஒரு மேகம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு கல்லைப் பின்தொடர்வோம்.

மேகத்தின் நட்டநடுவில் ஏறுகாற்று விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் எழுகிறது. கல் அங்கேதான் பிறக்கும் என்று நினைப்போம். பிறக்காது. அத்தனை வேகத்தில் ஒரு மேகத்துளி சில நிமிடங்களில் உச்சிக்கு எறியப்பட்டுவிடும். வளர நேரம் கிடைக்காது. கல்லின் கரு, மேகத்தின் ஓரங்களில் ஏறுகாற்று மெதுவாக இருக்கும் இடத்தில் உருவாகிறது. பனித்துகள் ஒன்று துளிகளை ஒட்டிக்கொண்டு சில மி.மீ. அளவுள்ள வெண்ணிறப் பொக்கு உருண்டையாகிறது. இதைப் பனிக்குருணை என்று அழைப்போம். இந்தக் குருணை தற்செயலாகப் பெரிய ஏறுகாற்றின் விளிம்புக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்துதான் வளர்ச்சி.

மைனஸ் 10 முதல் மைனஸ் 25 டிகிரி வரையுள்ள அடுக்கில் மேகத்துளிகள் ஐஸாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மிகச் சிறிய துளி, பற்றிக்கொண்டு உறைய ஒரு தூசோ துகளோ கிடைக்காவிட்டால், மைனஸ் 38 டிகிரி அளவு வரைகூட நீராகவே நீடிக்கும். இதை உறையாக் குளிர்நீர் என்போம். எதையாவது தொட்டதும் உறையும். அந்த எதையாவதுதான் நம் கல்.

இப்போது கல் 4 செ.மீ. விட்டத்துக்கு வந்துவிட்டது, கிட்டத்தட்ட எலுமிச்சை. எடை 30 கிராம். இந்த அளவுக் கல் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கீழ்நோக்கி விழும். ஆனால் ஏறுகாற்றும் அங்கே 30 மீட்டர் வேகத்தில் எழுகிறது. ஆகவே தரையிலிருந்து பார்த்தால் கல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதே உயரத்தில் நிற்கிறது. நிற்கும் இடத்தில் குளிர்நீர் வந்து அறைந்துகொண்டே இருக்கிறது.

எவ்வளவு நீர்? 4 செ.மீ. அகலத்தில் 30 மீட்டர் நீளமுள்ள ஒரு காற்றுத் தூண் ஒவ்வொரு விநாடியும் அதைக் கடந்து போகிறது. அதன் கொள்ளளவு சுமார் 38 லிட்டர். இத்தகைய மேகத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 3 கிராம் குளிர்நீர் இருக்கலாம். அப்படியானால் 38 லிட்டரில் சுமார் 0.11 கிராம். அத்தனையும் ஒட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 7 கிராம். நான்கைந்து நிமிடத்தில் எடை இரட்டிப்பு! கல் பெருத்தால் விழும் வேகமும் கூடும், கடந்துபோகும் தூணும் அகலமாகும், வளர்ச்சி இன்னும் விரையும். இதற்கிடையில் மேல்காற்று கல்லைப் பக்கவாட்டில், ஏறுகாற்றின் வேகம் மிகுந்த நடுப்பகுதிக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. கனமும் தாங்கும் வேகமும் சேர்ந்தே கூடுவதால் கல் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. பிறகு மறுபக்க விளிம்பைக் கடந்ததும் தாங்க ஆளில்லை. விழுகிறது.

கல் பெரிதாவது குளிரைப் பொறுத்ததில்லை, குளிர்நீருக்குள் அது எத்தனை நிமிடம் தங்க முடிந்தது என்பதைப் பொறுத்தது. மூடி, சரிவு, திசை மாறும் காற்று எல்லாம் சேர்ந்து அந்த நிமிடங்களைத்தான் கொடுக்கின்றன.

ஆலங்கட்டியை இரண்டாக அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்துக்கும் கல் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது என்று பாடப்புத்தகங்கள் நீண்டகாலம் சொல்லிவந்தன. கொலராடோவின் போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் சார்லஸ் நைட், நான்சி நைட் தம்பதியர் கற்களைக் கண்ணாடிச் சில்லுபோல் மெல்லிதாகச் சீவி, சிறப்பு ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். படிகங்களின் அளவும் காற்றுக் குமிழிகளும் வேறு விளக்கம் தந்தன. நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். குறைவான நீர் வந்தால் பட்டதும் உறையும்; நடுவில் காற்று சிக்கி அந்த அடுக்கு பால்வெள்ளையாகும். நிறைய நீர் வந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் மேல்பரப்பு ஈரமாகவே இருந்து மெதுவாக உறையும். காற்று தப்பிவிடும், அடுக்கு கண்ணாடிபோல் தெளிவாகும். ஒரே பயணத்தில் நீர் அதிகமான இடத்தையும் குறைவான இடத்தையும் மாறிமாறிக் கடந்தாலே வளையங்கள் வந்துவிடும்.

## விவியன் ஊரில் விழுந்தது

2010 ஜூலை 23 மாலை, தெற்கு டகோட்டாவின் விவியன் என்ற சிற்றூரில் விழுந்த கல்தான் அமெரிக்காவில் இதுவரை அளக்கப்பட்டதில் மிகப் பெரியது. விட்டம் 20.3 செ.மீ., சுற்றளவு 47.3 செ.மீ., எடை 880 கிராம். எடுத்தவர் வீட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தார். புயலில் மின்சாரம் போய்ப் பல மணி நேரம் வரவில்லை. அளப்பதற்குள் கொஞ்சம் உருகியும் விட்டது.

இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள முழு ஐஸ் உருண்டை ஏறத்தாழ 4 கிலோ இருக்க வேண்டும். இது ஒரு கிலோகூட இல்லை. அப்படியானால் இது உருண்டையே அல்ல. 880 கிராமை உருண்டையாகப் பிடித்தால் 12 செ.மீ. சொச்சம்தான் வரும். விவியன் கல் பெரிய முண்டுகளும் கொம்புகளும் துருத்திய வடிவம். பெரிய கற்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆகின்றன. மேல்பரப்பில் எங்காவது ஒரு சிறு புடைப்பு வந்தால் அது காற்றுக்குள் முன்னே நீட்டி அதிகத் துளிகளைப் பிடிக்கும், வெப்பத்தையும் எளிதில் வெளிவிடும். புடைப்பு மேலும் வளர்ந்து கொம்பாகும். 10 செ.மீ. தாண்டிய கற்கள் மணிக்கு 160 கி.மீ. வேகத்தையும் மிஞ்சி விழக்கூடியவை. அவற்றைத் தாங்கி நின்ற ஏறுகாற்றும் அதே அளவு வேகத்தில் எழுந்திருக்க வேண்டும்.

## வெள்ளை அறுவடை

உயர்சமவெளி விவசாயிகள் ஆலங்கட்டியை மாபெரும் வெள்ளை அறுவடை இயந்திரம் என்பார்கள். குளிர்காலக் கோதுமை முற்றி நிற்பது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். கல்மழைக் காலமும் அதேதான். பத்து நிமிடத்தில் கதிர்கள் தரையில் கிடக்கும், பக்கத்து வயலில் ஒரு தாள்கூட முறிந்திருக்காது. ஆண்டு முழுவதும் பட்ட பாடு இப்படி ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவாவதைப்போல் கொடுமை விவசாயத்தில் வேறு அதிகமில்லை.

அதைத் தடுக்க முடியும் என்று 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பீரங்கிக் குண்டுகளிலும் ராக்கெட்டுகளிலும் சில்வர் அயோடைடு வைத்து மேகத்துக்குள் சுட்டார்கள். நிறையப் பனிக்கருக்களை உண்டாக்கினால் அவை குளிர்நீருக்குப் போட்டி போடும். எதுவும் பெரிதாக வளராது என்பது எண்ணம். அமெரிக்கா இதைச் சோதிக்க 1972இல் வடகிழக்குக் கொலராடோவில் தேசிய ஆலங்கட்டி ஆய்வைத் தொடங்கியது. தெற்கு டகோட்டாவின் சுரங்கவியல் கல்லூரி, டி-28 என்ற ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்துக்குக் கவசம் போர்த்தி நேராகக் கல்மேகங்களுக்குள் ஓட்டியது. சில நாட்கள் மேகங்களில் மருந்து தூவினார்கள், சில நாட்கள் தூவவில்லை. எந்த நாள் எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மூன்று கோடைகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது இரண்டுக்கும் நம்பத்தகுந்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

இதைத் தோல்வி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரும்பிய விடை வராதபோதும் குலுக்கலுக்குக் கட்டுப்பட்டு வந்த விடையை வெளியிட்டது நேர்மையான அறிவியல். கல் வளரும் விதம் குறித்து இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அந்தக் கோடைகளில் சேர்ந்ததுதான்.

## தெர்மாகோலும் ரேடாரும்

கல்மழையை அளப்பதே கடினம். சில கி.மீ. அகலப் பட்டையில் விழுந்து, சூரியன் எட்டிப் பார்த்ததும் உருகிவிடும். 1997 ஜூலை 28இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் மேகம் கொட்டித் தீர்த்து வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். சில கி.மீ. தூரத்துக்குள்ளேயே மழையளவு பெருமளவு வேறுபட்டிருந்தது. அதன்பின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் காலநிலையியலாளர் நோலன் டோஸ்கன் 1998இல் பொதுமக்களைக் கொண்டே ஓர் அளவீட்டு வலையைத் தொடங்கினார். ஆலங்கட்டிக்கு அவர்கள் பயன்படுத்தும் கருவி, ஓர் அடிச் சதுர தெர்மாகோல் பலகை. அதன்மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிக் கொல்லையில் வைத்துவிடுவார்கள். கல் உருகிப் போனாலும் குழி இருக்கும். குழியின் அகலத்திலிருந்து கல்லின் அளவும், எண்ணிக்கையிலிருந்து அடர்த்தியும், ஒருபக்கம் சாய்ந்த குழியிலிருந்து அப்போது வீசிய காற்றின் திசையும் தெரியும். இந்தத் துறையின் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மறுபக்கம் ரேடார். அமெரிக்காவின் வானிலை ரேடார்கள் 2013க்குள் ஒரு புதிய திறனைப் பெற்றன. கிடைமட்ட அலை, செங்குத்து அலை இரண்டையும் அனுப்பி எதிரொலியை ஒப்பிடுகின்றன. பெரிய மழைத்துளி விழும்போது தட்டையாகிவிடும், அதனால் கிடைமட்ட எதிரொலி அதிகம். கல் உருண்டு புரண்டு விழுவதால் இரண்டும் ஏறக்குறைய சமம். எதிரொலி மிக வலுவாகவும் இரண்டும் சமமாகவும் இருந்தால் அங்கே கல் இருக்கிறது. 2.5 செ.மீ., அதாவது அவர்களுடைய கால் டாலர் நாணயத்தின் அளவு, கல் எதிர்பார்க்கப்பட்டால் எச்சரிக்கை போகும்.

இனி இந்த எச்சரிக்கைக்கு மதிப்பு கூடத்தான் போகிறது. பூமி சூடாகும்போது உறைமட்டம் மேலேறும். சிறு கற்கள் வழியிலேயே அதிகம் உருகும். அதே நேரம் காற்றில் ஈரம் கூடி ஏறுகாற்று வலுக்கும். உருகித் தீராத பெரிய கற்களுக்கு அது சாதகம். ஆகவே கல்மழை நாட்கள் குறைந்து, விழும்போது பெரிதாக விழும் என்பதே பல ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. அந்தச் சமவெளியில் இப்போது கோதுமைக்குப் பக்கத்தில் சூரியத் தகடுகளும் விளைகின்றன. 2023 ஜூனில் நெப்ராஸ்காவின் ஸ்காட்ஸ்பிளஃப் ஊரில் பேஸ்பால் அளவுக் கற்கள் விழுந்து ஒரு சூரிய மின்பண்ணையே நொறுங்கியது. கோதுமையை நகர்த்த முடியாது, ஆனால் தகட்டைத் திருப்ப முடியும். புதிய பண்ணைகள் சிலவற்றில், கல்மழை எச்சரிக்கை வந்ததும் மோட்டார்கள் தகடுகளை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்திவிடுகின்றன. கல் நேராக மோதாமல் வழுக்கிப் போகும். ஏக்கர் கணக்கில் தகடுகளைத் திருப்பி முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். ரேடாரில் முதல் கல் தெரிந்ததற்கும் அது தரையைத் தொடுவதற்கும் இடையில் அந்த நிமிடங்கள் கிடைக்க வேண்டும். அதனால்தான் கல் விழுவதை அறிவதோடு நிற்காமல், பனிக்குருணை ஏறுகாற்றின் விளிம்புக்குள் நுழையும் கட்டத்திலேயே அதைப் பிடிக்க ஆய்வாளர்கள் இன்று முயல்கிறார்கள்.